ஊலாங் குடிக்க ஓர் ஆள்

டீக்கடைக்காரனுக்கு ஊரில் தெரியாத ஆள் கிடையாது. கூட உட்கார்ந்து ஒரு டீ குடிக்கத்தான் ஆள் கிடையாது. இந்தத் தொழிலில் கை வெந்த சகோதரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பாய்லரைப் பற்ற வைத்ததிலிருந்து சாம்பலை அள்ளும் வரை ஊருக்கெல்லாம் ஊற்றிக் கொடுக்கிறோம். "நீங்க குடிச்சீங்களா?" என்று ஒருவன் கேட்டதுண்டா? என்னிடம் கேட்டதில்லை.

நான் பதினெட்டு வருஷம் பினாங்கில் ஒரு சீனருடைய தேயிலைக் கிட்டங்கியில் வேலை பார்த்தவன். மூட்டை தூக்கத்தான் போனேன். என் மூக்கு நல்ல மூக்கு என்று முதல் மாதமே கண்டுபிடித்து ருசி பார்க்கும் மேஜைக்குக் கொண்டுவந்தவர் தவுக்கே. முதலாளியை அங்கே அப்படித்தான் சொல்வோம். தினமும் சாயங்காலம் அஸர் தொழுதுவிட்டு வந்தால் அவரும் நானும் எதிரெதிரே உட்கார்ந்து குடிப்போம். அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்குச் சீனம் தெரியாது. இரண்டு பேருக்கும் தெரிந்த மலாயிலும் அதிகம் பேசிக்கொண்டதில்லை. இருந்தாலும் இந்த உலகத்தில் நான் யாரிடமாவது மனசுவிட்டுப் பேசியிருக்கிறேன் என்றால் அது அவரிடம்தான்.

என் பெர்மிட்டைப் புதுப்பிக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். கப்பல் ஏறும் அன்று தவுக்கே ஒரு தகர டப்பாவைக் கையில் கொடுத்தார். உள்ளே ஈயத்தாள் சுற்றிய பொட்டலங்களில் ஊலாங் தேயிலை. கடைகளுக்கு வரும் ஊலாங் கறுக்க வறுத்தது, வருஷக்கணக்கில் தாங்கும். இது வேறு. சீனத்து மலையில் அவருடைய பங்காளிகள் தங்கள் வீட்டுக்கென்று லேசாக வாட்டி எடுத்து வைத்துக்கொள்வது, விலைக்கு வராது. இரண்டு நிபந்தனை சொன்னார். ஒரு வருஷத்துக்குள் குடித்துவிட வேண்டும், அதற்குமேல் வாசம் நிற்காது. அடுத்தது, தனியாகக் குடிக்கக் கூடாது. தனியாகக் குடித்தால் பாதி ருசிதான் தெரியுமாம்.

முதல் நிபந்தனை என் கையில் இருந்தது. இரண்டாவதற்கு ஓர் ஆள் வேண்டும். நாகப்பட்டினத்தில் நான் கப்பலை விட்டு இறங்கியபோது என் மனைவி மவுத்தாகி எட்டு மாதம். பிள்ளைகள் இல்லை. கீழ்வேளூரில் அவள் வீட்டில், அவள் இல்லாமல், நான் போய்க் குடியேறினேன். கடைத்தெருவில் ஒரு டீக்கடை கைமாற வந்தது, எடுத்துக்கொண்டேன். கழக ஆட்சி வந்து சில வருஷம் ஆகியிருந்த நேரம். நில உச்சவரம்பு, குத்தகைப் பதிவு, அறுப்புக் கூலி என்று எங்கள் பக்கம் வரப்புக்கு வரப்பு சண்டை. இரண்டு கட்சிக்காரர்களும் சண்டைக்கு முன்னும் பின்னும் என் கடையில்தான் டீ குடித்தார்கள். இத்தனை பேரில் எனக்கு ஒருத்தன் அகப்படாமலா போவான் என்று நினைத்தேன்.

சாயம் இறங்காத டீ

முதலில் நான் குறி வைத்தது எங்கள் ஊர் மிராசுதாரின் கணக்கப்பிள்ளையை. அவர் வெற்றிலை போடமாட்டார். வெற்றிலை போடாதவருக்கு நாக்கு சுத்தமாக இருக்கும் என்று ஒரு நம்பிக்கை. பிற்பகல் மூன்று மணிக்கு, கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தேன். முஷ்டி அளவு மண் கெண்டி, பினாங்கிலிருந்து கொண்டுவந்தது. அதில் வெந்நீர் ஊற்றிச் சூடாக்கிக் கொட்டிவிட்டு, சுருண்ட இலையைப் போட்டேன். முதல் தண்ணீரை ஊற்றினேன், உடனே கீழே சாய்த்தேன். அது தூங்கும் இலையை எழுப்புவதற்கு மட்டும். கணக்கப்பிள்ளையின் முகம் சுண்டிப்போயிற்று. எந்தப் பொருளும் தரையில் போவதைப் பார்க்கச் சகிக்காத மனுஷர் அவர்.

இரண்டாம் தண்ணீரை ஊற்றி, மனசுக்குள் முப்பது எண்ணி, இரண்டு கிண்ணத்தில் பிரித்தேன். நிறம் என்று பார்த்தால் எலுமிச்சைத் தோல் ஊறிய தண்ணீர் அளவுக்குத்தான். ஆனால் கிண்ணத்தை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனதும் மரமல்லி வாசம். வாயில் வைத்தால் வெண்ணெய் பட்டாற்போல ஒரு வழவழப்பு. விழுங்கிக் கொஞ்ச நேரம் கழித்து, நெல்லிக்காய் தின்று தண்ணீர் குடித்தால் வருமே, அந்த இனிப்பு தொண்டையிலிருந்து மேலே ஏறி வந்தது. நான் கண்ணை மூடிவிட்டேன். திறந்தபோது எதிரே அவர் கிண்ணத்தைக் காலி செய்து ஓரமாக வைத்துவிட்டு, கை கட்டி மரியாதையாகக் காத்திருந்தார்.

"ராவுத்தரே, வெந்நீர் நல்லாத்தான் இருக்கு. டீயை எப்பக் குடுப்பீங்க?"

மடியில் ஒரு குடம்

குற்றம் தண்ணீரில்தான் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். எங்கள் ஊர்க் கிணறுகள் கடலுக்குப் பக்கம், கொஞ்சம் உப்பு கரிக்கும். பாலும் சர்க்கரையும் சேர்ந்த டீயில் அது மறைந்துவிடும். ஊலாங்கிடம் எதையும் மறைக்க முடியாது. என் தம்பி பாபநாசத்தில் இருந்தான். குடமுருட்டி ஆற்றங்கரை, தண்ணீர் கற்கண்டாக இருக்கும். மேட்டூர் திறந்து புதுத் தண்ணீர் வந்த சமயம் பார்த்து டப்பாவில் கொஞ்சம் இலையும் கெண்டியுமாகப் போய் இறங்கினேன். தண்ணீருக்குத் தண்ணீரும் ஆயிற்று, கூடக் குடிக்க உடன்பிறந்தவனும் ஆயிற்று என்று ஒரே கல்லில் இரண்டு மாங்காய்க் கணக்கு.

தம்பி தன் குத்தகை நிலத்துச் சங்கதியாகத் தாசில்தார் ஆபீசுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். "ஒரு கிண்ணம் குடிச்சிட்டுப் போடா" என்றேன். "வந்து குடிக்கிறேண்ணே" என்றான். பிற்பகல் வரை வெந்நீரை ஆறவிட்டு ஆறவிட்டுக் கொதிக்க வைத்தேன். அவனுக்கு வாய்தாவுக்கு மேல் வாய்தா; வரவில்லை. ஆற்றுத் தண்ணீரில் தேத்தாங்கொட்டை உரசித் தெளிய வைத்து, பித்தளைக் குடத்தில் நிரப்பி, வாயைத் துணியால் கட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். குடத்தைக் கீழே வைத்தால் அலம்பும் என்று மடியில் வைத்துக்கொண்டேன். கைக்குழந்தைக்காரிகளே என்னைவிடச் சௌகரியமாக உட்கார்ந்திருந்தார்கள். கண்டக்டர் வந்து துணியைத் தூக்கிப் பார்த்தார். எண்ணெயோ கள்ளோ என்று சந்தேகம். தண்ணீர் என்றதும் பஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னார்.

"காவேரித் தண்ணிக்கு ரெண்டு மாநிலம் அடிச்சிக்கிது பெரியவரே, நீங்க ஒரு குடத்தை மடியில வச்சிக்கிட்டு நிம்மதியாப் போறீங்களே!"

ஏழாம் தண்ணீர்

அந்தத் தண்ணீரில் ஊலாங் பினாங்கைவிட நன்றாக வந்தது. அதுதான் வேதனை. மோசமாக இருந்தால் தனியாகக் குடித்துவிட்டுப் போகலாம். நன்றாக இருக்கும்போதுதான் யாரையாவது தோளைத் தட்டிக் கூப்பிடத் தோன்றுகிறது. இரண்டு கிண்ணத்தில் ஊற்றுவேன். என்னுடையதைக் குடிப்பேன். எதிரே இருப்பது ஆறியதும் அதையும் நானே குடிப்பேன். ஆறின ஊலாங்கும் கெடுதல் இல்லை என்று அந்த மாதங்களில் தெரிந்துகொண்டேன்.

அடுத்து வந்து மாட்டியவர் கரைவேட்டிக்காரர் ஒருவர். மேடையில் அடுக்குமொழி பேசுவார், கூட்டம் கை தட்டும். அவராகவே உள்ளே எட்டிப் பார்த்து, "என்ன ராவுத்தரே, தனி ஆவர்த்தனம்?" என்று கேட்டு உட்கார்ந்தார். எனக்கு வாயெல்லாம் பல். இரண்டாம் தண்ணீரை ரசித்தார். மூன்றாவதற்குத் தலையாட்டினார். நான்காவதுதான் இந்த இலைக்கு உச்சம். அதை நான் விளக்கிக்கொண்டே ஊற்றும்போது அவர் முகம் மாறியது. ஐந்து, ஆறு என்று நான் உற்சாகமாக ஊற்ற ஊற்ற, அவர் கண் கெண்டியைவிட்டு அகலவில்லை. சகோதரர்களே, நம் தொழிலுக்கு என்ன கெட்ட பெயர் என்று உங்களுக்குத் தெரியும். பழைய தூளிலேயே மறுபடி மறுபடி தண்ணீர் விட்டு ஊரை ஏமாற்றுகிறவர்கள் நாம். நல்ல ஊலாங் இலையை ஏழு தரம் ஊற்றாவிட்டால்தான் குற்றம் என்பதை ஓர் ஊருக்கு எப்படிச் சொல்லிப் புரியவைப்பது? அவர் எழுந்து வெளியே போய், பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள் முன்னால் நின்று மேடைக் குரலை எடுத்தார். அதற்குப் பிறகு அரை மாதம் எதிர்க்கடையில் நிற்க இடமில்லை, என் கடையில் ஈ ஓட்டினேன்.

"ஒரே இலையில ஏழு தரம் ஊத்துறாரய்யா! நாட்டுல எல்லாத்துக்கும் உச்சவரம்பு வந்தாச்சு, ராவுத்தர் கெண்டிக்கு மட்டும் வரலை!"

பன்னிரண்டு சாயங்காலம்

அப்படி நான் நொந்து கிடந்தபோதுதான் மிராசுதார் ஆள் அனுப்பினார். சீனத்து டீ என்று ஏதோ வைத்திருக்கிறேனாமே, கொண்டுவந்து போட்டுக்காட்ட வேண்டுமாம். போனேன். கூடத்தில் எனக்கு நாற்காலி போட்டார்கள். அந்த வீட்டில் நாற்காலி கிடைக்க ஒன்று பட்டணத்து வக்கீலாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் சம்பந்தியாக இருக்க வேண்டும். மிராசுதார் கிண்ணத்தை நான் பிடிக்கிற மாதிரியே விளிம்பில் பிடித்தார். முதலில் முகர்ந்தார். குடித்துவிட்டு நாக்கால் அண்ணத்தைத் தடவிப் பார்த்தார். "தொண்டையில என்னமோ இனிக்குதே ராவுத்தரே" என்றார். எனக்கு எழுந்து அவரைக் கட்டிக்கொள்ளலாம்போல இருந்தது.

மறுநாளும் கூப்பிட்டார். அதற்கு மறுநாளும். பன்னிரண்டு சாயங்காலம் போனேன். "இன்னிக்கு அஞ்சாம் தண்ணி கொஞ்சம் துவர்க்குதே" என்று சரியாகச் சொல்வார். பினாங்கைப் பற்றிக் கேட்பார், என் மனைவியைப் பற்றிக் கேட்பார். அவளைப் பற்றி என்னிடம் அந்த ஊரில் யாரும் கேட்டதில்லை. வெள்ளிக்கிழமைக்கென்று வைத்திருந்த சட்டையை நான் தினமும் போட ஆரம்பித்தேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், சந்தோஷமாக இருந்தேன். பதின்மூன்றாம் நாள் கெண்டிக்குப் பக்கத்தில் ஒரு பத்திரம் இருந்தது. உச்சவரம்புக்கு மேல் இருக்கும் நிலத்தை மச்சினன், மாமியார், சமையல்காரர் என்று ஆளுக்குக் கொஞ்சம் எழுதியாகிவிட்டதாம். ஒரு வேலி நிலம் மிச்சம். அதை என் பேருக்கு வாங்கியதாக நான் கையெழுத்துப் போட வேண்டும். அந்த நிலத்தை மாரிமுத்து என்பவர் குத்தகைக்குச் சாகுபடி செய்கிறார். புது முதலாளியாகிய நான் சொந்தமாகப் பயிரிடப் போகிறேன் என்று மனுப் போட்டு அவரைக் கிளப்பிவிட வேண்டும். நிலம் வழக்கம்போல மிராசுதாருடையதாகவே இருக்கும். பினாமி என்று கோர்ட்டில் சொல்வார்களே, அது நான்.

கையில் இருந்த கிண்ணத்தைக் கீழே வைத்தேன். ஊரில் இத்தனை பேர் இருக்க என்னை ஏன் பிடித்தார் என்று கேட்டேன். பாராட்டுகிறோம் என்ற நினைப்பில், சிரித்த முகமாகத்தான் பதில் சொன்னார்.

"உங்களுக்குப் புள்ளை குட்டி இல்லை, பின்னாடி வந்து பாத்தியதை கேக்க நாதி இல்லை. அதனாலதான் ராவுத்தரே உங்களைப் பார்த்ததுமே எனக்குப் புடிச்சுப் போச்சு."

கடையின் ஓரம்

நான் கையெழுத்துப் போடவில்லை. கெண்டியைக் கழுவி எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். மறுநாளிலிருந்து மிராசுதாரின் ஆட்கள் யாரும் என் கடைக்கு வருவதில்லை. கணக்கப்பிள்ளை எதிர்க்கடையில் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். அவரைப் பார்த்து மற்றவர்களும் அங்கே போக, என் பெஞ்சு காலியாகிவிட்டது.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் போனால் இதுவரை சொன்னதெல்லாம் பொய்யாகிவிடும். என் கடையின் பக்கவாட்டில், சாக்கடை ஓரமாக, சுவரில் நாலு ஆணி. நாலு ஆணியில் நாலு கிளாஸ். சேரியிலிருந்து வருகிறவர்கள் அதை எடுத்து நீட்டுவார்கள். நான் படாமல் உயரத்திலிருந்து ஊற்றுவேன். நின்றுகொண்டே குடித்து, அவர்களே கழுவி, திரும்ப மாட்டிவிட்டுப் போவார்கள். கடையை வாங்கியபோது அந்த ஆணிகளோடு சேர்த்துத்தான் வாங்கினேன். என் மார்க்கத்தில் இதற்கு இடமில்லை என்று எனக்கு நன்றாகத் தெரியும். பெஞ்சில் இருப்பவர்கள் எழுந்து போய்விடுவார்களே என்ற பயத்தில் பிடுங்காமல் விட்டேன். இப்போது பெஞ்சில் யாரும் இல்லை, எழுந்து போகவும் யாரும் இல்லை.

ஒரு நாள் முற்பகலில் அந்த ஓரத்திலிருந்து ஒரு கை கிளாஸை நீட்டியது. சேறு காய்ந்து விரல் நுனி வெடித்த அந்தக் கையை எனக்குத் தெரியும். முகத்தை ஏறிட்டுப் பார்த்ததில்லை. அன்று பார்த்தேன். ஐம்பது வயது இருக்கும், முன்பல் ஒன்று இல்லை. "நான்தான் மாரிமுத்து" என்றார். "கையெழுத்துப் போடலையாமே ராவுத்தரே? ஏன் போடலை?"

நியாயம், தர்மம் என்று ஏதாவது சொல்லியிருக்கலாம். அந்த முகத்தைப் பார்த்துப் பொய் வரவில்லை. "எனக்கு நாதி இல்லேன்னு சொன்னாரு. கோவம் வந்துடுச்சு" என்றேன். அவர் சத்தம் போட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். கடை வைத்த பிறகு நான் வாய்விட்டுச் சிரித்த சிரிப்புகளில் அதுதான் முதலாவது என்று நினைக்கிறேன்.

"உள்ள வந்து உக்காருங்க" என்றேன். அவர் பெஞ்சைப் பார்த்தார், எதிர்க்கடையைப் பார்த்தார். "வேணாங்க. குத்தகையில இன்னும் என் பேரு பதிவாகலை. இப்பப் போயி வம்பு வேணாம்." அதுவும் சரிதான். அடுப்பையும் கெண்டியையும் தூக்கிக்கொண்டு நான் ஓரத்துக்குப் போனேன். சாக்கடையை மூடிய பலகையில் அவர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்.

டப்பாவில் கடைசிப் பொட்டலம். வருஷம் தாண்டிவிட்டது. பிரித்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது, மரமல்லி போய்விட்டது. இலையை அவரிடம் நீட்டினேன். உள்ளங்கையில் வாங்கி முகர்ந்தார். விரலால் ஓர் இலையை நசுக்கிப் பார்த்தார்.

"நமத்திருக்குங்க. வெதைநெல்லு ஈரம் வாங்குனா இப்படித்தான் மூச்சடைச்ச வாசம் வரும். வெயில்ல போட்டுடாதீங்க, சுத்தமாப் போயிடும். சட்டியைச் சூடு பண்ணிக் கீழ எறக்கி வச்சு, அந்தச் சூட்டுலயே பெரட்டுங்க."

நமத்த ஊலாங்கைத் தவுக்கே இப்படித்தான், இறக்கிய சூட்டில், மெல்ல மெல்லப் புரட்டித் திருப்புவார். அதை நான் கற்றுக்கொள்ள ஆறு வருஷம் பிடித்தது. மண்சட்டியைக் காயவைத்து இறக்கினேன். மாரிமுத்துதான் புரட்டினார், கரண்டி இல்லாமல், வெறும் விரலால். வாசம் முழுசாக வரவில்லை, பாதி வந்தது. போட்டு ஊற்றினேன். முதல் தண்ணீரைக் கொட்டியபோது அவர் ஒன்றும் கேட்கவில்லை. விதை ஊறவைக்கிறவருக்கு முதல் தண்ணீர் வடிப்பது அதிசயமில்லை. இரண்டாவதைக் குடித்தார். மூன்றாவதைக் குடித்தார். நான்காவதில் கிண்ணத்தை மூக்கருகே வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தார்.

"கதிரு பூ வாங்குற நாளுல, வெயில் ஏறுற நேரத்துக்கு வரப்புல நின்னா ஒரு வாசம் வரும். ஒரு நாழிதான் இருக்கும், அப்புறம் போயிடும். அது இதுல இருக்குங்க."

பதினெட்டு வருஷம் ருசி பார்த்த நான் அந்த வாசத்துக்குப் பெயர் தெரியாமல் மரமல்லி, மரமல்லி என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. மறைக்கவும் இல்லை. ஏழாம் தண்ணீர் வரை பேசினேன்: கணக்கப்பிள்ளையை, வராமல் போன தம்பியை, பன்னிரண்டு சாயங்காலத்தை. இதைக் கூட உட்கார்ந்து குடிக்க ஓர் ஆள் தேடி ஒரு வருஷமாக அலைந்தேன், பாபநாசம் வரை போனேன், நல்ல இலையெல்லாம் வீணாகப் போய்விட்டது என்று சொன்னேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். கிண்ணத்தைக் கழுவி என்னிடம் கொடுத்தார். சுவரில் தொங்கிய நாலு கிளாஸையும் ஒருமுறை பார்த்துவிட்டு, கோபமில்லாத குரலில் கேட்டார்.

"போன ஆனியிலேருந்து தெனம் ரெண்டு வேளை இந்த ஓரத்துலதானே நிக்கிறேன் ராவுத்தரே, ஒரு குரல் குடுத்திருக்கலாம்ல?"

நாக்கைப் பழக்கப் பதினெட்டு வருஷம் செலவழித்த நான், சகோதரர்களே, கழுத்தைக் கொஞ்சம் பக்கவாட்டில் திருப்பப் பழகாமலே கடை நடத்தியிருக்கிறேன்.